முதலில் பறந்தவர்களைத் தற்காலிகமாக வைத்திருந்தது போதும்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் இந்திய விமானப்படைத் தலைமையகத்துக்கும் ஒரு திறந்த மடல்

பொருள்: ஷார்ட் சர்வீஸ் (சில ஆண்டுகளுக்கு மட்டுமான அதிகாரிப் பணி) முறையில் பறந்துவிட்டு வெளியேறிய பெண் விமானிகளின் ஓய்வூதியமும் பணி வரலாறும்

மதிப்புக்குரியவர்களுக்கு, வணக்கம்.

2025 மே 7ஆம் தேதி காலை, ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு எடுத்துச் சொல்ல வெளியுறவுச் செயலருடன் இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் ராணுவத்தின் கர்னல் சோஃபியா குரேஷி. இன்னொருவர் உங்கள் விங் கமாண்டர் வியோமிகா சிங். சேத்தக், சீட்டா ஹெலிகாப்டர்களில் 2,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அவர் படம் எத்தனை முறை வந்து விழுந்தது என்று எண்ணவில்லை. சிங்கப்பெண், வீரமங்கை என்று தலைப்புகளுக்கும் பஞ்சமில்லை.

அதே மாதம் 22ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு விங் கமாண்டரின் வழக்கு வந்தது. அவரும் பெண்தான். பாலாகோட் நடவடிக்கையிலும் சிந்தூரிலும் போர் விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தவர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தும் பெர்மனென்ட் கமிஷன் என்ற நிரந்தர அதிகாரிப் பணி கிடைக்காமல், தன்னை வெளியே அனுப்பாதீர்கள் என்று கேட்டு வந்திருந்தார். இப்போதைக்கு அவரை விடுவிக்க வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தச் செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரவே இல்லை.

இரண்டுக்கும் நடுவே பதினைந்து நாள். மேடையில் ஒரு பெண் அதிகாரியை நிறுத்தத் தெரிந்த அரசுக்கு, இன்னொரு பெண் அதிகாரியை வேலையில் நிறுத்திக்கொள்ள நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மடல் அதைப் பற்றியது. குறிப்பாக, முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பாதையைப் போட்டுக்கொடுத்த பெண் விமானிகளைப் பற்றியது.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். விமானப்படைக்கும் எனக்கும் உள்ள உறவு, என்.சி.சி. மாணவிகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததும் நேர்முகத்துக்கு மைசூருக்கு ரயில் ஏற்றிவிட்டதும்தான். வீட்டில் யாரும் படையில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் சொந்த வழக்கு எதுவும் இல்லை.

ஹரிதா கௌர் தியோல் என்ற பெயரை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் விழிப்பார்கள். சண்டிகர்ப் பெண். 1993இல் விமானி ஆவதற்கென்று விமானப்படை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட ஏழு பெண்களில் ஒருவர். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் துண்டிகல் அகாடமியில் பயிற்சி, அதன்பின் பெங்களூரு எலஹங்காவில் சரக்கு விமானப் பயிற்சி. 1994 செப்டம்பர் 2ஆம் தேதி, 22 வயதில், ஆவ்ரோ விமானத்தைப் பயிற்றுநர் துணையில்லாமல் ஓட்டினார். சோலோ என்பார்களே, அது. இந்திய விமானப்படையில் ஒரு பெண் தனியாக விமானம் ஓட்டியது அன்றுதான் முதல் முறை. ஆவ்ரோவைச் சின்னப் பயிற்சி விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். இரட்டை எஞ்சின், நாற்பது பேர் வரை உட்காரலாம். 22 வயதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கவே வீட்டில் யோசித்த காலம் அது.

இரண்டு ஆண்டு, சில மாதங்கள். 1996 டிசம்பர் 24ஆம் தேதி, அவர் சென்ற ஆவ்ரோ ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் புக்காபுரம் கிராமத்தருகே விழுந்து நொறுங்கியது. அவரோடு சேர்ந்து விமானப்படையினர் பலரும் இறந்தார்கள். இருபதுகளின் நடுவில் முடிந்துபோன வாழ்க்கை. அதற்குமேல் அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை. எப்படிப் படித்தார், முதல் முறை விமானத்தை இறக்கியபோது பயிற்றுநர் என்ன சொன்னார், அந்த ஏழு பேரில் மற்ற ஆறு பேர் எங்கே போனார்கள் என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். நூலகத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு பள்ளிப் பிள்ளை எடுத்துப் படிக்கிற மாதிரி நீங்கள் வெளியிட்ட ஒரு சிறு புத்தகம்கூட என் கைக்கு அகப்படவில்லை.

அடுத்து கார்கில். 1999இல் சீட்டா ஹெலிகாப்டர்களோடு போர்ப் பகுதிக்குப் போன பெண் விமானிகள் குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன். முன்னவர் பெயர் ஊருக்கே தெரியும். பின்னவர் கேரளத்துக்காரர், அவர் பெயரைச் சொன்னால் பலர் "அப்படியா?" என்பார்கள். காயம்பட்டவர்களை இறக்கிக் கொண்டுவருவது, மேலே இருக்கும் வீரர்களுக்குப் பொருள் கொண்டுசேர்ப்பது, எதிரி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்து வந்து சொல்வது. வேலை இதுதான்.

இதைக் கேட்கும் பலர், "ஓ, சண்டை போடலையா, ஆம்புலன்ஸ் வேலையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். இயற்பியல் ஆசிரியையாக இந்த இடத்தில் கொஞ்சம் நின்றே ஆக வேண்டும். ஹெலிகாப்டரை மேலே தூக்குவது அதன் விசிறி கீழே தள்ளும் காற்று. கடல்மட்டத்திலிருந்து 5,500 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். விசிறி அதேதான், சுற்றும் வேகமும் அதேதான், ஆனால் தள்ளுவதற்குக் காற்று இல்லை. எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். சீட்டாவுக்கு ஒரே எஞ்சின். பிரெஞ்சுக்காரர்களின் லாமா ஹெலிகாப்டரை உரிமம் வாங்கி ஹெச்.ஏ.எல். என்ற நம் அரசு விமான நிறுவனம் இங்கே செய்தது. அந்த லாமா 1972இல் 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை படைத்தது உண்மை. ஆனால் சாதனைக்குப் போகும் ஹெலிகாப்டரில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடையைக் குறைப்பார்கள். போரில் அப்படியா? கீழே ஒருவன் ரத்தம் ஒழுகக் கிடக்கிறான். அவனை ஏற்ற வேண்டுமானால் அத்தனை எடையை வேறெங்காவது குறைத்தாக வேண்டும். எரிபொருளைக் குறைத்தால் திரும்பி வரும் வழியில் சுற்றிப் போக இடமில்லை. இறங்கும் இடம் பாறைகளுக்கு நடுவே கொஞ்சம் மட்டமான ஒரு திட்டு, அவ்வளவுதான். மலைக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று அதற்கே தெரியாது. இந்தக் கணக்கையெல்லாம் விமானி சில நொடிகளில் போட வேண்டும். அதுவும் சீட்டாவில் திருப்பிச் சுட ஆயுதம் கிடையாது. அந்த மே மாதம் 28ஆம் தேதி தோலோலிங் பக்கம் போன மி-17 ஹெலிகாப்டர் ஒன்று ஏவுகணையில் அடிபட்டு அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் சீட்டாக்கள் கிளம்பின.

அந்த இருவரில் குஞ்சன் சக்சேனாவின் கதை 2020இல் இந்திப் படமாக வந்தது உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். விமானப்படையைத் தவறாகக் காட்டியிருக்கிறார்கள் என்று தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதினீர்கள். ஸ்ரீவித்யா ராஜனும் தன் தரப்பை வெளிப்படையாக எழுதினார். படத்தில் எது சரி, எது மிகை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா. தவறான வரலாறு வந்துவிட்டது என்று கடிதம் எழுதத் தெரிந்த தலைமையகம், சரியான வரலாற்றை ஏன் எழுதி வைக்கவில்லை? எந்தப் பிரிவு, எந்தத் தளம், எத்தனை முறை பறந்தார்கள், யார் யாரோடு பறந்தார்கள் என்பதெல்லாம் உங்கள் பறப்புப் பதிவேடுகளில் இருக்கும். விமானியின் லாக் புக்கில் ஒவ்வொரு பறப்பும் நிமிடக் கணக்கோடு ஏறியிருக்கும். அதை வெளியிட்டிருந்தால் சினிமாக்காரர் கற்பனைக்கு இடமே இருந்திருக்காது. பதிவைப் பூட்டி வைத்துவிட்டுக் கதைக்குக் கோபப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் சேர்ந்த பெண்களை நீங்கள் சேர்த்தது ஷார்ட் சர்வீஸில். ஆண்களுக்கும் ஷார்ட் சர்வீஸ் உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் நிரந்தரமாகச் சேர நினைத்த ஆணுக்குப் பள்ளி முடித்ததும் சேரும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) என்ற வாசல் இருந்தது, பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வு என்ற வாசல் இருந்தது. பெண்ணுக்கு இருந்தது சன்னல் ஒன்றுதான். ஐந்தாண்டு முடியட்டும், பெர்மனென்ட் கமிஷன் பற்றிப் பார்ப்போம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்களுக்கு, ஐந்தாண்டு முடிந்ததும் நீட்டிப்பு வந்தது. அது முடிந்ததும் இன்னொரு நீட்டிப்பு. அதுவும் முடிந்தபின், போய் வாருங்கள் என்ற கடிதம். அதிகாரிக்கு ஓய்வூதியம் வர இருபது ஆண்டு பணி வேண்டும். பதினான்கு, பதினைந்தில் நிறுத்திவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தோசைக்கல்லில் முதல் தோசை கல்லைப் பழக்குவதற்கு. பிய்ந்து வந்தால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை வார்ப்போம். உங்கள் முதல் அணிப் பெண்களை அந்த முதல் தோசையாகத்தான் நடத்தினீர்கள். சோதனை முயற்சி என்று பெயர் வைத்தீர்கள். சோதனை வெற்றி. நீங்களே சொல்கிறீர்கள், குடியரசு தின அணிவகுப்பில் காட்டுகிறீர்கள். சோதனைக்கு உட்பட்டவர்கள் மட்டும் கணக்கில் இல்லை.

2010 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ராணுவத்திலும் விமானப்படையிலும் பெண் அதிகாரிகளுக்கு பெர்மனென்ட் கமிஷன் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ராணுவம் மேல்முறையீடு என்று இழுத்து, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகுதான் வழிக்கு வந்தது. விமானப்படை அந்தளவு இழுக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பணியில் இருந்தவர்களில் தகுதியானவர்களுக்குக் கொடுத்தீர்கள். வியோமிகா சிங்கே 2004இல் சேர்ந்து 2019இல்தான் பெர்மனென்ட் ஆனவர். பதினைந்து ஆண்டு!

சரி, தீர்ப்புக்கு முன்னாலேயே வெளியே அனுப்பப்பட்டவர்கள்? 1993க்கும் 1998க்கும் இடையில் சேர்ந்து, 2006க்கும் 2009க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட விமானப்படைப் பெண் அதிகாரிகள் 32 பேர் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி கண்டது. மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்ல வயது இடம் கொடுக்கவில்லை. அதனால் இருபது ஆண்டு பணி முடித்ததாகவே வைத்துக்கொண்டு, அவர்களை ஓய்வூதியத்துக்குப் பரிசீலிக்கச் சொன்னது. சம்பள பாக்கி கிடையாது, ஓய்வூதியம் உண்டு.

அந்த 32 பேருக்கு என் வணக்கம். ஆனால் வழக்குப் போடாதவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? டெல்லியில் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர், குழந்தையைப் பார்த்துக்கொண்டு எங்கோ ஒரு சிற்றூரில் இருந்தவர், படையோடு வழக்காடுவது முறையல்ல என்று பேசாமல் இருந்துவிட்டவர். ஒரே அகாடமியில் ஒரே வெயிலில் பரேடு நின்ற இருவரில், நீதிமன்றம் போனவருக்கு ஓய்வூதியம், போகாதவருக்கு வெறும் நினைவு. கட்டுப்பாடு, விசுவாசம் என்று பாடம் நடத்தும் ஒரு படை, கடைசியில் விசுவாசமாக வாயை மூடிக்கொண்டிருந்தவரைத்தான் தண்டித்திருக்கிறது.

இது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லக்கூடும். என் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வந்தாள். கெட்டிக்காரி, கணக்கில் புலி. உயரம், கால் நீளம் எல்லாம் அளந்து பார்த்துவிட்டோம். விமானி ஆக 162.5 செ.மீ. உயரம் வேண்டும், இடுப்பிலிருந்து பாதம் வரை 99 செ.மீ. குறையக்கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள். இவள் தேறிவிட்டாள். விமானப்படைக்கு அதிகாரிகளைச் சேர்க்கும் ஏ.எஃப்.கேட். தேர்வின் அறிவிப்பை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். அப்பாவும் கூட வந்திருந்தார், சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். பறக்கும் பிரிவு என்ற இடத்தில், ஷார்ட் சர்வீஸ், பதினான்கு ஆண்டு, நீட்டிப்பு கிடையாது என்று போட்டிருந்தது.

"அப்ப முப்பத்தாறு, முப்பத்தேழு வயசுல வெளிய வந்துருமா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஆனா அதுக்கப்புறம் ஏர்லைன்ஸ்ல போகலாம்…"

"அது சரி மேடம். கவர்மென்ட் உத்தியோகம்னா பென்ஷன் உண்டுல்ல?"

"இதுல வராதுங்க."

அவர் மகளைப் பார்த்தார். "பயமா இருக்குன்னு நான் தடுக்கல பாப்பா. அத நெனச்சுக்காத" என்றார். அந்தப் பெண் இப்போது ஒரு வங்கியில் அதிகாரி. நன்றாக இருக்கிறாள்.

பெண்ணைப் பறக்க விடப் பயந்த அப்பா என்று நீங்கள் எழுதிக்கொள்வதற்கு இங்கே ஆள் இல்லை. ஒரு தொழிலாளி கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான கேள்வி அது. அவருக்கு நிறைவு தரும் பதில் என்னிடம் இல்லை, அறிவிப்பிலும் இல்லை. சிலருக்கு நடைமுறையில் பெர்மனென்ட் கமிஷன் கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். அது யாருக்கு, எதன் அடிப்படையில், எத்தனை பேருக்கு என்பதுதான் கேள்வி. அதைச் சேரும்போதே சொல்லிவிட்டால் என்ன?

போர் விமானங்களின் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 2014 மார்ச்சில் அன்றைய விமானப்படைத் தளபதி அரூப் ராஹா, போர் விமானத்தில் நீண்ட நேரம் பறக்கப் பெண்களின் உடல் இயல்பிலேயே ஏற்றதல்ல என்ற பொருளில் பேசினார். கர்ப்பத்தையும் காரணமாகச் சொன்னார். 2015 அக்டோபரில், போர் விமானப் பிரிவில் பெண்களைச் சேர்க்கப் போகிறோம் என்று அறிவித்தவரும் அதே ராஹாதான். இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் பெண்களின் உடலில் மாற்றம் எதுவும் நிகழ்ந்ததாக உயிரியல் துறைத் தோழிகள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. 2016 ஜூன் 18ஆம் தேதி துண்டிகலில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றார்கள். 2018 பிப்ரவரியில் அவனி ஜாம்நகரில் மிக்-21 பைசனைத் தனியாக ஓட்டினார். பாவனா 2019இல் பகல்நேரப் போர்ப் பணிக்குத் தகுதி பெற்றார். மோகனா இப்போது தேஜஸில். அவர்களுக்குப் பின் வந்த சிவாங்கி சிங் ரஃபேலில். இந்த ஏற்பாட்டுக்கும் சோதனை முயற்சி என்றுதான் பெயர் இருந்தது. 2022 பிப்ரவரியில்தான் அதை நிரந்தரமாக்கினீர்கள்.

நிரந்தரமானது திட்டம். ஆட்களின் வேலை?

ஒரு படையில் தலைமைக்கு வர ஆண்டுகள் வேண்டும். 2003இல் சேர்ந்த ஷாலிசா தாமி உங்கள் முதல் பெண் பறக்கும் பயிற்றுநர். 2019இல் ஹிண்டன் தளத்தில் சேத்தக் பிரிவொன்றின் ஃப்ளைட் கமாண்டர் ஆனார், 2023இல் மேற்கு எல்லையில் ஏவுகணைப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். நாடு கைதட்டியது. அவர் அந்த இடத்துக்கு வந்தது திறமையால், சந்தேகமே இல்லை. ஆனால் இருபது ஆண்டு அவரை உள்ளே இருக்க விட்டதால்தான் அந்தத் திறமை தலைமையாகப் பழுத்தது. தொண்ணூறுகளில் வந்தவர்களை அதே இருபது ஆண்டு இருக்க விட்டிருந்தால், முதல் பெண் கமாண்டர் என்ற செய்தியை நாம் 2023இல் படித்திருக்க மாட்டோம், பத்தாண்டுக்கு முன்பே படித்துப் பழகியிருப்போம். பெண்களில் மூத்த அதிகாரிகள் போதவில்லை என்று எப்போதாவது உங்களுக்குத் தோன்றினால், 2006லிருந்து 2009 வரை நீங்கள் அனுப்பிய விடுவிப்புக் கடிதங்களின் நகல்களை எடுத்துப் பாருங்கள்.

தவறைத் திருத்துவதற்கு முன்மாதிரி வேண்டுமென்றால், அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. பெருமைப்படக்கூடிய முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன், அவர்களும் தாமதமாகத்தான் திருந்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரில் பெண்களுக்கு ராணுவ விமானம் ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். வாஸ்ப் என்பது அந்த அணியின் பெயர். 1,074 பேர் பயிற்சி முடித்தார்கள். தொழிற்சாலையிலிருந்து புது விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிப்போவார்கள். பழுது பார்த்த விமானம் சரியாக இருக்கிறதா என்று முதலில் ஏறிப் பார்ப்பவர்களும் அவர்கள்தான். துப்பாக்கிப் பயிற்சிக்கு வானில் துணி இலக்கை இழுத்துக்கொண்டு பறப்பார்கள், கீழேயிருந்து புதுப் பையன்கள் உண்மையான குண்டுகளால் சுடுவார்கள். 38 பெண்கள் இறந்தார்கள். ஆனால் சட்டப்படி அவர்கள் ராணுவத்தினர் இல்லை, சிவிலியன்கள். அதனால் சவப்பெட்டிக்குக் கொடி கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பும் செலவுகூட அரசின் பொறுப்பில்லை. கூடப் பறந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பி வைத்தார்கள். 1944 டிசம்பரில் அணியைக் கலைத்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

முப்பது ஆண்டு யாரும் பேசவில்லை. எழுபதுகளின் நடுவில் அமெரிக்க விமானப்படை, பெண்கள் முதன்முறையாக எங்கள் ராணுவ விமானங்களை ஓட்டப் போகிறார்கள் என்று பெருமையாக அறிவித்தது. பேரன் பேத்தி எடுத்திருந்த அந்தப் பழைய விமானிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! திரண்டு எழுந்தார்கள். 1977இல் சட்டம் வந்தது, அவர்களும் படைவீரர்களே என்று. ஒவ்வொருவராக வழக்குப் போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே சட்டம், உயிரோடு இருந்தவர், இறந்தவர், போராடியவர், பேசாமல் இருந்தவர் எல்லோருக்கும். 2010இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அதன் பிறகும் 2015இல் இறந்த ஒரு பெண் விமானியின் அஸ்தியை ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் வைக்க இடமில்லை என்று ராணுவம் சொல்ல, பேத்திகள் போராடி 2016இல் இன்னொரு சட்டம் போட வைத்தார்கள்.

அங்கே 33 ஆண்டு ஆனது. ஹரிதா தியோல் தனியாகப் பறந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் நமக்கும் முப்பது தாண்டிவிட்டது.

என்.டி.ஏ. பற்றியும் கொஞ்சம். 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த வாசல் திறந்தது. 2022இல் உள்ளே போன முதல் அணியிலிருந்து 17 பெண்கள் 2025 மே மாத இறுதியில் வெற்றிகரமாக வெளிவந்தார்கள். நிரந்தர வேலைக்கான நேர் வழி அது, மனமார வரவேற்கிறேன். ஆனால் அண்மை ஆண்டுகளின் தேர்வு அறிவிப்புகளைப் பாருங்கள். விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு 92 இடம் என்றிருக்கும். அதற்குள் பெண்களுக்கு 2. தொண்ணூற்றிரண்டில் இரண்டு! இது இடஒதுக்கீடு இல்லை, மேல்வரம்பு. மூன்றாவதாக வரும் பெண் தொண்ணூறாவது பையனைவிட எவ்வளவு அதிக மதிப்பெண் வாங்கியிருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விடுதி வசதி இல்லை, கழிப்பறை இல்லை என்ற காரணங்களை இனியும் சொல்ல முடியாது. ரஃபேலுக்கு ஓடுபாதையைத் தயார் செய்ய முடிந்தவர்களுக்கு இது ஒரு வேலையா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் ஷார்ட் சர்வீஸில் சேர்ந்து, பெர்மனென்ட் கமிஷனுக்குப் பரிசீலிக்கப்படாமலே அனுப்பப்பட்ட பெண் அதிகாரிகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். பறந்தவர்கள் எத்தனை பேர், தரையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தும் சொல்லுங்கள். பெரிய எண்ணிக்கையாக இருக்காது, கருவூலம் காலியாகிவிடாது. 2022இல் அந்த 32 பேருக்கு நீதிமன்றம் காட்டிய அதே வழியில், மற்றவர்களையும் மனுவோ வழக்கோ கேட்காமல் ஓய்வூதியத்துக்குப் பரிசீலிப்பதாக ஓர் ஆணை போடுங்கள். முன்னாள் படைவீரருக்கான மருத்துவ வசதி முதலான உரிமைகளில் விட்டுப்போனது இருந்தால் அதையும் அந்த ஆணையிலேயே சேருங்கள். இறந்துபோனவர்கள் இருந்தால் குடும்பத்துக்கு.

வரலாற்றுப் புத்தகம் அடுத்து. பளபளப்பான தாளில் முதல் பக்கத்தில் அமைச்சர் படம் போட்ட மலர் வேண்டாம். எந்த ஆண்டு, எந்தத் தளம், எந்த விமானம், எத்தனை மணி நேரம், என்ன பணி என்று பெயர் பெயராக. அந்தப் பெண்களையே உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், இப்போது அவர்கள் ஐம்பதுகளில் இருப்பார்கள், ஞாபகம் தெளிவாக இருக்கும் வயது. இரண்டாவதாக வந்தவரையும் ஏழாவதாக வந்தவரையும் விட்டுவிடாதீர்கள். எல்லா மாநில மொழிகளிலும் போடுங்கள். தமிழில் போடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், மெய்ப்புப் பார்த்துத் தர நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

அடுத்த ஏ.எஃப்.கேட். அறிவிப்பில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். பறக்கும் பிரிவில் ஷார்ட் சர்வீஸில் சேரும் ஒருவர் பெர்மனென்ட் கமிஷனுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், எந்தெந்த அளவுகோலில் முடிவு செய்வீர்கள், கடந்த ஐந்தாண்டில் எத்தனை பேர் கேட்டு எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், அதில் பெண்கள் எத்தனை பேர். லேத் பட்டறைக்காரர் படித்தாலும் புரிகிற மொழியில் இருக்கட்டும்.

இந்த மடலுக்கு எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் யாராவது ஓர் உறுப்பினர் கேட்கும்போது அவையில் பதிலாக வைத்துவிடுங்கள், நாங்கள் அங்கே படித்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்கள் முப்பத்தொன்பது பேரில் ஒருவராவது இதைப் பார்த்தால், வரும் கூட்டத்தொடரிலேயே அந்தக் கேள்வியை எழுதிக் கொடுக்கும்படி அவர்களையும் இதிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
மதுரை.